ஆற்றுக்கு வார்டு இல்லை

ராயபுரத்திலிருந்து வடக்கே போகும்போது தெருப் பெயர்ப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். தெருவின் பெயரோடு வார்டு எண்ணையும் மண்டலத்தையும் சேர்த்து எழுதுவது சென்னை மாநகராட்சியின் வழக்கம். ராயபுரத்தில் எண்கள் ஐம்பதுகளில் இருக்கும். தண்டையார்பேட்டைக்கு வந்தால் நாற்பதுகள். டோல்கேட் தாண்டித் திருவொற்றியூருக்குள் நுழைந்ததும், இடையில் இருக்கும் எண்களை மேற்கே மாதவரத்துக்கும் மணலிக்கும் விட்டுவிட்டு, பதினான்குக்குள் வந்துவிடும். எண்ணூரை நெருங்க நெருங்க இன்னும் குறையும். இருநூறு வார்டு கொண்ட நகரம் இந்த மூலையிலிருந்துதான் தன்னை எண்ணத் தொடங்குகிறது. மற்ற விஷயங்களில் இந்த மூலைக்கு முதலிடம் கிடைப்பதில்லை என்பது வேறு கதை.

விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ ரயில் இருக்கிறது. அதற்கு அப்பால் ஷேர் ஆட்டோ, பேருந்து, இல்லையென்றால் கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலில் கத்திவாக்கம் அல்லது எண்ணூர் நிலையம். நான் கடலோரச் சாலையைத் தேர்ந்தெடுத்தேன். கடலைப் பார்க்கலாம் என்ற ஆசை. பார்த்தது பெரும்பாலும் கன்டெய்னர் லாரிகளின் முதுகைத்தான். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் லாரிகள் ஒரு பக்கம், அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள் மறுபக்கம். நடுவில் நாம்.

எண்ணூர்க் கடலோரத்து நெட்டுக்குப்பத்துக்குப் போவதற்கு என்னிடம் ஒரு காரணம் இருந்தது. ஒரு நகரமன்றத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? நகரத்திலுள்ள அத்தனை பேரும் சேர்ந்து அத்தனை உறுப்பினர்களையும் மொத்தமாகத் தேர்ந்தெடுப்பதா, அல்லது நகரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துத் துண்டுக்கு ஒருவர் என்று அனுப்புவதா? நமக்கு இரண்டாவது வழி பழகிப்போய், இப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரிவதில்லை. இந்தக் கேள்விக்காக நீதிமன்றப் படியேறிய ஊர்கள் உலகத்தில் நிறைய உண்டு. மன்றத்திலிருந்து மிகத் தள்ளியிருக்கும் ஒரு குப்பத்திலிருந்து பார்த்தால் இது எப்படித் தெரியும் என்று பார்க்க விரும்பினேன்.

லாரி வரிசை நகர்வதற்குள் அமெரிக்கா போய்த் திரும்பிவிடலாம். டெக்ஸஸ் மாநிலத்தின் கால்வெஸ்டனும் துறைமுக நகரம்தான். 1900 செப்டம்பரில் அடித்த புயலில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். ஊரை மீண்டும் கட்டியெழுப்ப வேண்டும், வார்டு வார்டாகச் சண்டைபோடும் கவுன்சிலர்கள் இதற்கு ஆகமாட்டார்கள் என்று அங்குள்ள வணிகர்கள் வாதாடினார்கள். 1901இல் ஐந்து பேர் கொண்ட ஆணையம் வந்தது. வார்டு போயிற்று, நகரம் முழுவதற்கும் பொதுவான ஆட்கள் வந்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் நூற்றுக்கணக்கான அமெரிக்க நகரங்கள் இந்த வழியில் போயின. ஊழல் குறையும், திறமைசாலிகள் வருவார்கள் என்பது வாதம். தொழிலாளர் குடியிருப்பிலிருந்தும் கறுப்பர் தெருக்களிலிருந்தும் வந்துகொண்டிருந்த ஒன்றிரண்டு பேரும் மன்றத்திலிருந்து காணாமல் போனது விளைவு. நகரம் முழுக்க ஓட்டுக் கேட்கப் பணம் வேண்டும். பெரும்பான்மையின் முகம் வேண்டும்.

திரும்பிவரும் பயணம் நூறாண்டு கழித்து நடந்தது. கலிஃபோர்னியாவில் 2002இல் வந்த வாக்குரிமைச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நகரம் நகரமாக வழக்குப் போட்டார்கள். டிஸ்னிலேண்ட் இருக்கும் அனஹைம் நகரத்தில் மக்களில் பாதிக்கு மேல் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். ஆனால் மன்றத்தின் நாற்காலிகள் பெரும்பாலும் மலைப்பக்க வசதியான பகுதிக்கே போய்க்கொண்டிருந்தன. 2012இல் வழக்கு, 2014இல் மக்கள் வாக்களித்து முறையை மாற்றினார்கள், 2016இல் ஆறு தொகுதிகளாகப் பிரிந்து முதல் தேர்தல் நடந்தது.

நம் ஊரில் கதை வேறு மாதிரி. மதராஸ் நகரத்தை 1867ஆம் ஆண்டுச் சட்டம் எட்டுப் பிரிவுகளாகப் பிரித்தது. 32 ஆணையர்கள்; எல்லோரும் நியமனம். 1878இல் அவர்களில் பாதிப்பேரை வரி கட்டுவோர் தேர்ந்தெடுக்கலாம் என்றானது. அன்றிலிருந்து இங்கே பிரிவு, டிவிஷன், வார்டு என்று ஏதோ ஒரு கோடு எப்போதும் இருந்திருக்கிறது. கோடு இருந்தது, சில காலம் கோட்டுக்குள் ஆள்தான் இல்லை. 1973இல் கலைக்கப்பட்ட மாமன்றத்துக்கு அடுத்த தேர்தல் 1996இல்தான் நடந்தது. அந்த ஆண்டுகளில் பிறந்து வளர்ந்து வேலைக்கும் போய்விட்ட ஒரு தலைமுறைக்குக் கவுன்சிலர் என்றால் சினிமாவில் வருகிறவர்தான்.

கிராம ஊராட்சிகளில் இன்னொரு சோதனையும் நடந்தது. 1996, 2001 தேர்தல்களில் ஒரு வார்டுக்குப் பல உறுப்பினர்கள் என்று வைத்தார்கள். 2006இல்தான் வார்டுக்கு ஒருவர் என்றானது. சிறிய மாற்றம் மாதிரித் தெரியும். ஆனால் ஐந்து பேரை ஒரே கூட்டம் தேர்ந்தெடுக்கும்போது, அந்தக் கூட்டத்தில் ஐம்பத்தைந்து சதவீதம் இருப்பவர்கள் ஐந்து இடங்களையும் எடுத்துக்கொள்ளலாம். தனித்தனியாகப் பிரித்தால் தெற்குத் தெருவுக்கும் காலனிக்கும் ஒன்றாவது மிஞ்சும். ஒதுக்கீடு இருந்தாலும் யார் ஓட்டில் ஜெயிப்பது என்ற கேள்வி போகாது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு என்று அறிவித்த பின்பு, 1996 முதல் பத்தாண்டுகள் ஒன்று தேர்தல் நடக்காது, அல்லது ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்துவிடுவார். ஊர் முழுக்க ஓட்டுப்போடும் பதவி அது. ஊரில் யாருக்குப் பெரும்பான்மையோ அவர்கள்தான் நாற்காலியில் யார், எத்தனை நாள் என்பதை முடிவுசெய்தார்கள்.

கத்திவாக்கத்தில் இறங்கினேன்.

இது ஒரு காலத்தில் தனி நகராட்சி. தனித் தலைவர், தனி மன்றம், தனி வரிச் சீட்டு. திருவொற்றியூரும் அப்படித்தான். 2011இல் ஒன்பது நகராட்சிகள், எட்டுப் பேரூராட்சிகள், இருபத்தைந்து ஊராட்சிகள் என நாற்பத்திரண்டு உள்ளாட்சிகளைச் சென்னை தன்னோடு சேர்த்துக்கொண்டது. 174 சதுர கிலோமீட்டராக இருந்த நகரம் 426 ஆயிற்று. பழைய நகரத்தின் 155 வார்டுகளை 107 ஆகச் சுருக்கி, புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்கு 93 கொடுத்து, மொத்தம் 200. திருவொற்றியூர், கத்திவாக்கம் இரண்டும் சேர்ந்து ஒன்றாம் மண்டலம், 14 வார்டுகள்.

2011 கணக்கெடுப்பில் கத்திவாக்கத்தின் மக்கள்தொகை முப்பத்தாறாயிரம் சொச்சம். சென்னையின் சராசரி வார்டு முப்பத்து மூவாயிரம் பேர். அதாவது ஒரு முழு நகராட்சியும் அதன் மன்றமும் சராசரிக் கணக்கில் ஒரு கவுன்சிலருக்குள் அடங்கிவிடும். மண்டலத்தின் வார்டுகள் சற்றுச் சிறியவை என்பதால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தது, அவ்வளவுதான். முன்பு பக்கத்துத் தெருவில் இருந்த உறுப்பினரை வீட்டு வாசலில் நிறுத்திக் கேட்கலாம். இப்போது அவரும் இருநூறில் ஒருவர். மாமன்றம் கூடும் ரிப்பன் மாளிகையில் அவர் பேச எழுந்தால் எத்தனை நிமிடம் கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பதிலுக்கு மாநகராட்சியின் பணம் வந்தது என்பார்கள். வந்ததும் உண்மை. சாலையும் விளக்கும் பல இடங்களில் மேம்பட்டிருக்கின்றன. ஆனால் கேட்கும் தூரம் கூடிவிட்டது. வார்டு என்று ஒன்று இருந்தால் போதாது, அது எவ்வளவு பெரியது என்பதும் முக்கியம் என்பதை நாம் 2011இல் சரியாகப் பேசவில்லை என்றே நினைக்கிறேன்.

நெட்டுக்குப்பம் கடலுக்கும் ஆற்றுக்கும் இடையில் இருக்கிறது. கிழக்கே கடல், வடக்கே கொசஸ்தலையாறு கடலில் சேரும் முகத்துவாரம். பக்கத்தில் தாழங்குப்பம், முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம் என்று மீனவ ஊர்கள். 1970இல் தொடங்கி 2017 மார்ச்சில் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையத்தின் இடமும் அருகில்தான். கடலுக்குள் நீண்டு நிற்கும் பழைய பாலத்தைப் படம்பிடிக்க விடியற்காலையில் கேமராவோடு இளைஞர்கள் வருகிறார்கள். சூரியன் ஏறியதும் கிளம்பிவிடுகிறார்கள். நான் போனபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. ஃபைபர் படகுகளைக் கரையேற்றி, நிழலில் உட்கார்ந்து வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வார்டு பற்றிப் பேச்செடுத்தால் முதலில் சிரித்தார்கள்.

“எங்களுக்கு ஊர்தான் சார். ஊர் பஞ்சாயத்துல சொன்னா சொன்னதுதான். கவுன்சிலரு ரோடுக்கு, லைட்டுக்கு, தண்ணி லாரிக்கு” என்றார் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர்.

“ஆத்துல சாம்பல் வந்தா?”

“அதுக்கு யாருகிட்ட போறதுன்னே தெரியாது சார். கலெக்டர் ஆபீசு, மீன்துறை ஆபீசு, பொல்யூஷன் போர்டு… எல்லா வாசலும் மிதிச்சாச்சு.”

இந்தக் கரையோரத்தில் ஊர்ப் பஞ்சாயத்து என்பது சட்டப் புத்தகத்தில் இல்லாத, ஆனால் நடைமுறையில் உயிரோடு இருக்கும் அமைப்பு. எந்த நாளில் கடலுக்குப் போகக்கூடாது, தகராறில் யார் பக்கம் தவறு, துறைமுகக்காரரோடு பேசப் போவது யார் என்பதையெல்லாம் ஊர் கூடி முடிவெடுக்கும். பழவேற்காட்டு ஏரியில் இன்னும் ஒரு படி மேலே போய், பாடு என்ற முறையில் எந்த ஊர்க்காரர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை வைப்பது என்று முறைவைத்துக் கொள்கிறார்கள். நாற்காலியைப் பங்கிடுவதைவிடத் தண்ணீரைப் பங்கிடுவது கடினம். அதைப் பல தலைமுறையாக வாக்குச்சீட்டு இல்லாமல் செய்திருக்கிறார்கள்.

இதைக் கேட்டு ஊர்ப் பஞ்சாயத்தை மெச்சிக்கொண்டிருந்தபோது, மீன் கூடையை இறக்கிவைத்த ஒரு பெண்மணி குறுக்கிட்டார்.

“அந்தக் கூட்டத்துல நாங்க ஓரமா நின்னு கேக்கலாம்ண்ணா. பேச முடியாது. கவுன்சிலரம்மான்னா நேரா வூட்டுக்கே போயி சத்தம் போடுவோம்.”

இதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. வலையில் கவனமானார்கள். பெண்களுக்குப் பாதி இடம் என்ற சட்டம் வார்டுக்குத்தான் பொருந்தும், ஊருக்குப் பொருந்தாது. ஊர் மொத்தமும் கூடி முடிவெடுக்கும் அழகான அமைப்பில் மொத்தம் என்பதற்குள் யார் யார் அடக்கம் என்பதைக் கடைசியில் இருப்பவரிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

ஊரும் வார்டும் ஒரே பட்டியலில் சந்தித்துக்கொண்ட சந்தர்ப்பம் ஒன்று உண்டு. 2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் மழையில் மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்தது. பக்கிங்காம் கால்வாய் வழியாக ஆற்றில் இறங்கி, முகத்துவாரம் வழியாகக் கடலுக்கும் போனது. வலையில் எண்ணெய், படகில் எண்ணெய், வீட்டுச் சுவரில் இடுப்பளவு கறுப்புக் கோடு. ஆற்றிலிருந்து எண்ணெயை வாரியவர்களில் மீனவர்களும் உண்டு. அரசு நிவாரணம் அறிவித்தது: மீனவக் குடும்பங்கள் 2,301க்குத் தலா 12,500 ரூபாய், படகுகள் 787க்குத் தலா 10,000 ரூபாய், ஒன்றாம் மண்டலத்தின் 4, 6, 7 ஆகிய மூன்று வார்டுகளில் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். மொத்தம் 8.68 கோடி.

இந்தப் பட்டியலை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். மீனவரை ஊராக எண்ணினார்கள். மற்றவரை வார்டாக எண்ணினார்கள். இரண்டு கணக்குக்கும் நியாயம் உண்டு. ஆற்றை நம்பிப் பிழைக்கிறவருக்கு இழப்பு வீட்டில் மட்டும் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. எனவே அவருடைய தொழில்தான் அளவுகோல். கரையில் வசிக்கிறவருக்கு வீட்டுக்குள் வந்த எண்ணெய்தான் இழப்பு, எனவே வார்டு. ஆனால் எண்ணெய் வார்டு எல்லை பார்த்து நிற்காது. மீன்பிடிக்கும் குடும்பமாகப் பதிவில்லாமல், ஆற்று மீனை வாங்கி விற்றும், நண்டு உடைத்தும், கையால் எறா தடவியும் பிழைப்பவர்கள் இரண்டு கணக்குக்கும் நடுவில் விழுந்துவிட வாய்ப்பு அதிகம். எங்கே தூங்குகிறோம் என்பதை வைத்து மனிதரை எண்ணும் முறைக்கு, எங்கே வலை போடுகிறோம் என்பது தெரியாது. வார்டு முறையின் மேல் எனக்கிருக்கும் பெரிய புகார் இதுதான். ஆனால் வார்டே இல்லாமல், நகரம் முழுக்க ஒரே தொகுதி என்று வைத்திருந்தால் அந்த மூன்று வார்டு எண்களைச் சொல்லிக் கேட்கவும் ஆள் இருந்திருக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆள் இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதற்கும் இதே கரைதான் சாட்சி. 2017 ஜனவரி 28இல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர்க் கரையில் வாளியால் எண்ணெய் அள்ளிய படங்களை நாடே பார்த்தது. அப்போது சென்னையில் கவுன்சிலரே கிடையாது. 2016 உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்துசெய்திருந்தது. அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து தனி அதிகாரி வந்துவிட்டார். அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19இல்தான் நடந்தது. ஐந்து ஆண்டுக்கு மேல், கோடுகள் மட்டும் வரைபடத்தில் இருந்தன.

நகரம் முழுக்கச் சேர்ந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் ஆசை நமக்கும் விட்டுவிட்டு வருகிறது. அதை மேயர் பதவியில் தீர்த்துக்கொள்கிறோம். 1996இல் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள், மு.க. ஸ்டாலின் வந்தார். 2006இல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள், மா. சுப்பிரமணியன். 2011இல் மறுபடி நேரடி, சைதை துரைசாமி. அதன் பிறகு சட்டம் முன்னும் பின்னும் மாறி, 2022இல் மறுபடியும் கவுன்சிலர்கள். ஆட்சியில் இருப்பவருக்கு எது வசதியோ அதுவே அந்தந்த நேரத்துக் கொள்கை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு என்று ஒதுக்கப்பட்ட 2022இல் வடசென்னையின் 74ஆம் வார்டில் ஜெயித்த, முப்பது வயதைத் தொடாத ஆர். பிரியா மேயரானார். நகரம் முழுக்கச் சுவரொட்டி ஒட்டி, நகரம் முழுக்கச் செலவு செய்ய வேண்டியிருந்தால் கட்சி யாரை நிறுத்தியிருக்கும்? என் ஊகம், மவுண்ட் ரோட்டுக்குத் தெற்கே யாரையாவது.

நகரம் முழுக்க ஒரே தொகுதி என்பதிலிருந்து வார்டுக்கு வரும் மாற்றம் நம் மொழி பேசும் இன்னொரு கரையிலும் நடந்தது. இலங்கையில் 1978 அரசியலமைப்புக்குப் பிறகு வந்த விகிதாசார முறையில் ஒரு மாநகர சபை முழுவதும் ஒரே தொகுதி. கட்சிப் பட்டியலுக்கு ஓட்டுப் போட்டு, அதிலிருக்கும் பெயர்களுக்கு விருப்பு வாக்கும் போட வேண்டும். ஒரே கட்சிக்காரர்கள் விருப்பு வாக்குக்காக ஒருவரையொருவர் காலை வாரிவிடுவார்கள். என் தெருவுக்கு யார் உறுப்பினர் என்று கேட்டால் எல்லோரும்தான், ஆகவே யாருமில்லை. சட்டம் 2012இலும் 2017இலும் திருத்தப்பட்டு, 2018 பிப்ரவரி 10இல் புதிய முறையில் தேர்தல் வந்தது: அறுபது சதவீதம் வட்டாரங்களிலிருந்து, நாற்பது சதவீதம் பட்டியலிலிருந்து, பெண்களுக்கு நான்கில் ஒன்று. யாழ்ப்பாண மாநகர சபைக்கு 27 வட்டாரங்கள், மொத்தம் 45 உறுப்பினர்கள்.

குருநகர், பாஷையூர் போன்ற மீனவப் பகுதிகள் அந்த நகரத்திலும் கடலோரம் ஒட்டிக்கிடப்பவைதான். முழு நகரத்திலும் விருப்பு வாக்குத் தேட முடியாத ஒருவர் தன் வட்டாரத்தில் நின்றால் போதும் என்றானது. ஆனால் யாருக்கும் பெரும்பான்மை இல்லாமல் போயிற்று. தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 16, தமிழ்க் காங்கிரசுக்கு 13, ஈபிடிபிக்கு 10 என்று இடங்கள் சிதறின. இம்மானுவேல் ஆர்னோல்ட் மேயரானார். 2020 டிசம்பரில் வரவுசெலவுத் திட்டம் தோற்று அவர் போய், மணிவண்ணன் வந்தார். நாடு முழுவதும் உறுப்பினர் எண்ணிக்கை ஏறத்தாழ இரண்டு மடங்கானது. செலவு அதிகம், நிலையான ஆட்சி இல்லை என்ற புலம்பல் இன்றுவரை உண்டு. அதற்காக விருப்பு வாக்குக் குத்துச்சண்டைக்குத் திரும்பிப் போகலாம் என்று சொல்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

மாலையில் முகத்துவாரம் பக்கம் நடந்தேன். மணல் சேர்ந்து வாய் குறுகிக்கொண்டே வருவது கண்ணுக்குத் தெரிகிறது. ஆற்றுக்குள் காக்கா ஆழி என்ற அயல்நாட்டுச் சிப்பி படர்ந்து, எறா மேயும் சேற்றை மூடிக்கொண்டிருக்கிறது. அக்கரையில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். அதற்கும் அப்பால் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம். சாம்பல் கொண்டுபோகும் குழாய்கள் உடைந்து ஆற்றில் சாம்பல் இறங்கியது எத்தனையோ முறை பசுமைத் தீர்ப்பாயம்வரை போயிருக்கிறது.

இக்கரை சென்னை மாநகராட்சி. 2018 முதல் சென்னை மாவட்டமும்கூட. அக்கரை அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி கிராம ஊராட்சிகள், மீஞ்சூர் ஒன்றியம், திருவள்ளூர் மாவட்டம். எல்லை இந்த ஆற்றையொட்டித்தான் போகிறது. ஆறு எந்த வார்டிலும் இல்லை. சாம்பல் அங்கிருந்து வருகிறது, மீன் இங்கே சாகிறது. இங்குள்ள கவுன்சிலர் கேள்வி கேட்டால் அது மாநகராட்சி எல்லைக்கு வெளியே என்று பதில். அங்குள்ள ஊராட்சித் தலைவர் கேட்டால் மின்வாரியம் அவருக்குக் கட்டுப்பட்டதில்லை. வார்டை இன்னும் சிறியதாக வெட்டினாலும் சரி, வார்டை எடுத்துவிட்டு எல்லோரும் மேயருக்கே ஓட்டுப் போட்டாலும் சரி, இந்தத் தண்ணீருக்கு ஆள் வராது.

கோட்டைச் சிறிதாக்கும் வேலை ஒரு பக்கம் நடக்கத்தான் செய்கிறது. 2022இல் வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, பம்மலில் முதலமைச்சரே பகுதி சபைக் கூட்டத்தில் உட்கார்ந்தார். நெட்டுக்குப்பத்துக்கு இது உதவலாம். நான் மேலே சொன்ன பெண்மணி ஓரமாக நிற்காமல் பேச ஒரு இடம். எனக்கு வேண்டியது அதோடு சேர்ந்து எதிர்த்திசையில் இன்னொன்று: இரண்டு கரைக்காரரும் ஒரே மேசையில் உட்காரும் இடம். அரசியலமைப்பின் 243ZE பிரிவில் அதற்கு வழி இருக்கிறது. பெருநகரத் திட்டக் குழு என்று பெயர். அதன் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்காவது நகராட்சி உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுப்பவர்களாக இருக்க வேண்டும். தண்ணீரைப் பங்கிடுவது, சுற்றுச்சூழலைக் காப்பது இரண்டையும் அந்தக் குழு கருத்தில் கொள்ள வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. இப்போதைய மாமன்றத்தின் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. அடுத்த தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் சாலை, விளக்கு, தண்ணீர் லாரியோடு இதையும் கேட்கலாம்.

தாழங்குப்பத்து டீக்கடையில் இதைச் சொல்லிப் பார்த்தேன். அப்படி ஒரு குழுவைப் பற்றி அங்கே யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. சரி, இக்கரையிலிருந்து ஒருவர், அக்கரையிலிருந்து ஒருவர் அதில் உட்கார்ந்தால் முதல் கூட்டத்தில் எதைப் பேச வேண்டும் என்று கேட்டேன்.

“சாம்பல் பைப்பு” என்றார் பெஞ்சில் இருந்தவர்.

“அதெல்லாம் அப்பறம். மொதல்ல முகத்துவாரத்த தோண்டணும்” என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்.

“தோண்டி? சாம்பலத்தான் கடலுக்கு அனுப்புவியா?”

என் பேருந்து வரும்வரை அது ஓயவில்லை.